கைப்பைக்குள் ஒளித்த தாள்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து ஐந்து நாளாகியும் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. முப்பது வருடம் என்னைப் பேச விடாமல் பேசிய மனுஷன். பேச்சுத் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வார்டில் இருந்த மதுரைத் தாதிப் பெண்தான், "ஆன்ட்டி, அழுதுகிட்டே இருக்காதீங்க. ஏதாவது பேசுங்க, அவருக்கு எல்லாம் கேக்குது," என்றாள். என்னத்தைப் பேசுவது? அன்றிலிருந்து தினமும் ஆஸ்பத்திரிக்குப் போக வெஸ்ட்மீட் ஸ்டேஷனில் இறங்கியதும் ஒரு இங்கிலீஷ் பேப்பர் வாங்கிப் போனேன். அவருக்குக் காலைச் சாப்பாடே அதுதான். பேப்பர் ஆசிரியருக்குக் கடிதம் எழுதி எழுதி அனுப்புவார், ஒன்றும் அச்சில் வந்ததில்லை. "குப்பைத் தொட்டிக்குத்தான் எழுதுறியள்" என்று நான் பகிடி பண்ணுவேன்.

ஒரு வேலை மட்டும் தவறாமல் செய்தேன். மரண அறிவித்தல் இருக்கிற தாளை லிஃப்டுக்குள்ளேயே உருவிக் கைப்பைக்குள் ஒளித்தேன். நோயில் கிடக்கிற வருத்தக்காரனின் கட்டிலடிக்கு அதைக் கொண்டுபோக எங்கள் ஆட்களில் யாருக்கு மனம் வரும்?

மிச்சமெல்லாம் வாசித்தேன். அம்மாடி, ஒரு பேப்பருக்குள் இவ்வளவா! முதல் பக்கத்தில் அரசியல்வாதிகளின் சண்டை. உள்ளே கோதுமை விலை, ஏலத்தில் போன வீடுகள், பூசணிக்காய் போட்டுப் பணிஸ் ரொட்டி சுடும் முறை, ராசிபலன். கடல் எத்தனை மணிக்கு வற்றும், எத்தனை மணிக்குப் பெருகும் என்றுகூடப் போட்டிருந்தார்கள். இத்தனை வருடம் இதை வெங்காயத்தோல் போட விரித்தேனே என்று வெட்கமாக இருந்தது. கிரிக்கெட் பக்கத்தைத் தப்புத்தப்பாக வாசித்தும் அவர் முகம் சுளிக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒன்பதாம் நாள் மூக்குக்கண்ணாடியைத் தேடிக் கைப்பையைக் கட்டிலில் கொட்டினேன். ஒளித்த தாள்களில், மூன்று நாளுக்கு முந்தியது ஒன்று விரிந்து கிடந்தது. அதன் மறுபக்கத்தில் ஆசிரியருக்குக் கடிதங்கள். கீழ் மூலையில் என் கணவரின் பெயர், பக்கத்தில் எங்கள் இடத்தின் பெயர். இத்தனை பெரிய நாட்டின் செய்திகளுக்கு நடுவே இவரும் இருக்கிறார்! அந்த மனுஷனை மூன்று நாளாக நானே பைக்குள் மூடி வைத்திருந்திருக்கிறேன், பாவி.

"இஞ்சேருங்கோ, உங்கட கடிதம் வந்திருக்குது!" என்று கத்தியே விட்டேன்.

எங்கள் பஸ் நிறுத்தத்தில் வயதானவர்கள் உட்கார்ந்திருக்க ஒரு வாங்கு போடச் சொல்லி நாலே வரி. ஒவ்வொரு எழுத்தாக வாசித்து முடித்து நிமிர்ந்தேன். அவர் கண் என்மேல் இருந்தது. உதடு கோணிக்கோணி அசைந்தது. காதைக் கிட்டக் கொண்டுபோனேன்.

"கடைசி வரிய... வெட்டிப்போட்டாங்கள்."

தாதியைக் கூப்பிட வாயைத் திறந்தேன். எனக்குத்தான் குரல் வரவில்லை.