புளி போட்டு மினுக்கிய கொம்பு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஆங்கிலேயர் நாட்டில் டூட்டிங் என்ற இடத்தில் ஒரு தையற்கடையில் வேலை செய்தேன். நெப்போலியன் காலத்துப் போர்களை வார இறுதிகளில் நடித்துக்காட்டும் ஒரு வெள்ளைக்காரர், பிரெஞ்சு இலகு காலாட்படையின் நீலக் கோட்டு ஒன்றைத் தைக்கக் கொடுத்திருந்தார். இடுப்பில் எப்படிப் பொருந்தும் என்று பார்க்க, அக்காலத்து அசல் தோட்டாப் பை ஒன்றையும் விட்டுப்போனார். அதன் மூடியில் வேட்டையில் ஊதும் கொம்பின் வடிவில் ஒரு பித்தளைச் சின்னம் கறுத்துக் கிடந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. விளக்கு மினுக்கிப் பழகிய கை சும்மா இருக்கவில்லை. பக்கத்துக் கடையில் புளி வாங்கி, உப்புச் சேர்த்துத் தேய்த்தேன். கொம்பு பொன்னாக மின்னியது.

எங்கள் தையற்கடைக்கார அக்கா அதைப் பார்த்ததும் தொப்பென்று கதிரையில் இருந்துவிட்டார்.

"என்ன பிள்ளை செய்தனீர்? அது இருநூறு வருசத்துக் கறுப்பு. அதுக்குத்தான் மதிப்பு எண்டு அவர் சொன்னவர்."

"ஊத்தை எண்டு நினைச்சன் அக்கா."

மறுநாள் ஊசியில் நூல்கூடக் கோக்க முடியவில்லை. கதவு மணி அடிக்கும்போதெல்லாம் எழுந்து வாசலை எட்டிப் பார்த்தேன். வெள்ளைக்காரர் வந்ததும் பையை நீட்டி, நான்தான் செய்தேன் என்றேன். அவர் முகம் வெளிறியது. வெகுநேரம் பெருவிரலால் கொம்பைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: இதைச் சுமந்த சிப்பாயும் இப்படித்தான் வைத்திருப்பான், மங்கியிருந்தால் அவனுக்குத் தண்டனை.

எனக்கு ஆறுதலாகத்தான் அதைச் சொன்னார். ஆனால் நான் பிறந்த ஊரில், சண்டை நேரத்தில் எங்கள் வீட்டு வாசற் படலையைத் தள்ளிக்கொண்டு வந்த ஆமிக்காரரின் இடுப்புப் பட்டிகளும் பளபளத்தன. அவற்றை அவர்கள் யாருக்குப் பயந்து மினுக்கினார்கள் என்று அன்றுதான் முதன்முதலாக யோசித்தேன்.