குளவிக்காகத் திறந்த சன்னல்

வருடக் கடைசிப் பள்ளி விடுமுறைக்கு என்னைப் பண்டமாரானில் சித்தி வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள். எனக்கு எட்டு வயதான வருடம் மழை விடாமல் பெய்தது. அந்த மழையில், முன்னறைச் சன்னல் சட்டத்தின் உள்பக்கம் ஒரு குளவி கூடு கட்டத் தொடங்கியது. எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் குளவியைக் கண்டால் அப்பா துடைப்பத்தைத் தேடுவார். சித்தியோ அந்தப் பக்கம் ஒட்டடைக் கம்பைக்கூட விடவில்லை.

குளவி கூடு கட்டிய வீட்டில் குழந்தை பிறக்கும் என்பார்கள். சித்திக்குத் திருமணமாகி ஏழு வருடங்கள், குழந்தை இல்லை. பக்கத்து வீட்டு ஆன்டி வந்து கூட்டை உற்றுப் பார்த்தார்.

"மண்ணுல கட்டியிருக்குடி. அரக்குல கட்டினாத்தான் பொண்ணு. இது பையன் லா!"

சித்தி அன்று முழுவதும் ஏதாவது ஒரு காரணம் கண்டுபிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

குளவி வந்துபோக வசதியாக, சன்னலின் குறுக்குக் கண்ணாடிகளில் ஒன்றைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் வைத்தாள். அந்த இடைவெளி வழியே சாரலும் வந்தது, கொசுவும் வந்தது. கொசுவத்தி கொளுத்தத் தடை. புகை கூட்டுக்கு ஆகாதாம். துறைமுகத்தில் லோரி ஓட்டிய சித்தப்பா ஒரு நாள் ஈரத் தரையைத் துடைத்தபடி கேட்டார்:

"நமக்கே ஃபேன்தான். அதுக்கு ஏர்கோன் மாட்டிக் குடுத்துரவா?"

"கொசு கடிச்சா சொறிஞ்சுக்கங்க. செத்துற மாட்டீங்க" என்றாள் சித்தி.

அந்த வரிசையின் கடைசி வீட்டில் ஒருவருக்குக் கொசு பரப்பும் டிங்கிக் காய்ச்சல் வந்தது. மறுநாளே புகை மருந்து அடிப்பவர்கள் இயந்திரங்களைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். கதவு, சன்னல்களைத் திறந்துவைத்து, சோற்றுப் பானையை மூடிவிட்டு, எல்லோரும் வெளியே போய் நிற்க வேண்டும். தெருவே வெளியே நின்றது. சித்தி மட்டும் கதவைத் தாழிட்டாள். சன்னலின் இடைவெளியில் தலையணையைத் திணித்தாள். என்னை மடியில் இழுத்து வாயைப் பொத்தினாள்.

"காக், புக்கா பிந்து!" என்று கதவைத் தட்டினார்கள், திறக்கச் சொல்லி. வீட்டில் ஆள் இல்லை என்று பக்கத்து வீட்டு ஆன்டி மலாயில் சொல்வது கேட்டது. நாங்கள் உள்ளே இருப்பது அவருக்குத் தெரியும்.

இயந்திரச் சத்தம் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனது. சித்தி தலையணையை எடுத்தாள். மாலையில் குளவி ஓர் உருண்டை ஈரமண்ணோடு வந்து சேர்ந்தபோது அதைப் பார்த்துக் கைகூப்பினாள்.

சில நாட்களில் சித்திக்குக் காய்ச்சல் கண்டது. கண்ணுக்குப் பின்னால் குத்துகிறது என்றாள். சோற்றைப் பார்த்தாலே குமட்டியது. சித்தப்பா அவளைக் கைத்தாங்கலாக மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். வாசலைத் தாண்டும்போது அவள் என்னிடம் சொன்னது ஒன்றுதான்:

"கூட்டைப் பாத்துக்கடி."

பார்த்துக்கொண்டேன். ஆன்டி வீட்டில் சாப்பிட்டு முடித்ததும் ஓடிவந்து சன்னலடியில் உட்கார்ந்துவிடுவேன். பல்லி வந்தால் விரட்டினேன். சாரல் அடித்தால் துண்டை விரித்துப் பிடித்தேன். ஒரு காலையில் மண்ணில் சின்ன ஓட்டை ஒன்று தெரிந்தது. பிறகு இன்னும் சில. இளங்குளவிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து, சட்டத்தில் சற்று நேரம் நின்று, இடைவெளி வழியே பறந்தன.

சித்தி திரும்பி வந்தபோது முகம் மஞ்சளாகச் சுருங்கியிருந்தது. நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன்.

"சித்தி, எல்லாம் வெளிய வந்து பறந்துருச்சு! கூடு காலி!"

அவள் கூட்டைப் பார்த்தாள். அப்படியே சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள். அவளிடமிருந்து வந்த சத்தத்தை அதற்கு முன் நான் எந்த மனிதரிடமும் கேட்டதில்லை. சித்தப்பா கட்டிலுக்கடியிலிருந்த கண்ணாடியை எடுத்து, தூசியைத் தட்டி, சன்னலில் திரும்பப் பொருத்தினார்.

கரு தங்கியிருந்ததே அது கலைந்த அன்று மருத்துவமனையில்தான் சித்திக்குத் தெரிந்தது என்று பல வருடங்களுக்குப் பின் அம்மா சொன்னாள். அவளுக்கு டிங்கியைத் தந்த கொசு எங்கே கடித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. சித்திக்கு மட்டும் அதில் சந்தேகமே இருந்ததில்லை. பிறகு அவளுக்குக் குழந்தை உண்டாகவே இல்லை.

அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், சொன்ன வேலையைச் சரியாகச் செய்திருந்தேன் என்பதுதான். சித்தி அழுது முடித்ததும் என்னைக் கூப்பிட்டுக் கெட்டிக்காரி என்று சொல்வாள் என, சன்னலடியிலேயே நின்று காத்திருந்தேன்.