கும்ரேயின் உதட்டோரம்

தோல் கிளினிக்கின் பக்கத்து அறையில் டக், டக் என்று இயந்திரம் அடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு பெண் மூச்சை உள்ளே இழுத்தாள். அது தன் சம்பந்தியம்மா ஹேராங்கின் மூச்சு என்று கும்ரேவுக்குத் தெரியும்.

கும்ரே இந்தப் பக்கம் மல்லாந்து கிடந்தாள். முகம் முழுக்க மரத்துப்போகும் களிம்பு, அதன்மேல் ஒரு மெல்லிய தாள். நாற்பது நிமிடம் அசையக் கூடாது, பேசக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். நெற்றி மரத்துவிட்டது, கன்னம் மரத்துவிட்டது. இடது உதட்டோரத்தில் மட்டும் ஒரு புள்ளி குறுகுறுவென்று உயிரோடு இருந்தது.

எங்கள் மாங்வான் சந்தையில் கும்ரேயைத் தெரியாதவர் கிடையாது. கணவன் இறந்த மறுமாதமே தொடுகறிக் கடை போட்டு, ஒற்றை மகள் நாரேயைப் படிக்கவைத்தவள். நவம்பரில் ஊரே குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போடும்போது அவள் படுக்கவே மாட்டாள். மூன்றாம் நாள் உதட்டோரம் நீர் கோத்து வெடித்துவிடும்.

"அக்கா, உதடு வெடிச்சிருச்சு. வியாபாரம் பலம்போல" என்று மீன்கடைக்காரி கிண்டலடிப்பாள்.

"உனக்கு வெடிக்கலையே. உக்காந்து ஈ ஓட்டினியா?" என்பாள் கும்ரே.

எங்களுக்கு அது உழைப்பின் முத்திரை. அதை நோய் என்று யாரும் நினைத்ததில்லை. அதனால்தான், 'உதட்டில் வைரஸ் கொப்புளம் வந்ததுண்டா?' என்று காலையில் படிவத்தில் கேட்டிருந்தபோது, இல்லை என்று குறி போட்டாள். அவள் பொய் சொல்லவில்லை.

இயந்திரம் நின்றது. மெல்லிய சுவர். நர்ஸின் குரல் தெளிவாக வந்தது.

"கொஞ்சம் ஓய்வெடுங்கம்மா. கொப்புளத்துக்கான மாத்திரையை நேத்தே ஆரம்பிச்சீங்கல்ல?"

"நேத்து காலையிலேயே. களைச்சா உதடு வெடிக்கிற உடம்பு எனக்கு." ஹேராங் குரலைத் தாழ்த்தினாள். "மெதுவாப் பேசும்மா. சம்பந்தியம்மா பக்கத்து ரூம்ல இருக்காங்க. இது என் வீட்டுக்காரருக்கே தெரியாது."

"நிறையப் பேருக்கு இருக்கறதுதாம்மா. அந்தக் கிருமி உள்ளேயே தூங்கிட்டு இருக்கும். ஊசியும் சூடும் பட்டா முழிச்சுக்கும். மாத்திரை இல்லேன்னா குத்தின இடமெல்லாம் பரவிடலாம்."

 களைப்பு என்றல்லவா கும்ரே இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். கஞ்சியின் சூட்டைத் தன் உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, அதே கரண்டியை அல்லவா குழந்தை நாரேயின் வாயில் வைத்தாள். பள்ளித் தேர்வுதோறும் மகளுக்கும் உதடு வெடித்ததே. பாவி, நான் கொடுத்ததா அது? கண்ணீர் வழிந்து காதோரம் தாளுக்கடியில் தேங்கியது. துடைக்கக்கூட முடியவில்லை.

எழுந்து ஓடிவிடலாமா?

எப்படி ஓடுவது? தோலை இறுக்கும் இந்தச் சிகிச்சை ஹேராங் கொடுத்த பரிசு. நாரேயின் திருமண மண்டபத்தில், எங்கள் வழக்கப்படி, இரண்டு தாய்மாரும் கைகோத்து முதலில் நடந்து வந்து மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். "நம்ம ரெண்டு பேர் முகமும் ஒண்ணா மின்னணும்" என்று சொல்லி அவளே நாளும் குறித்தாள். "அம்மா, அவங்க குடுக்கறதை மட்டும் வேணாம்னு சொல்லிடாதீங்க, எனக்காக" என்று நாரே கெஞ்சியிருந்தாள். கும்ரேவுக்கும் ஆசை இல்லாமலில்லை. இரு குடும்பமும் சந்தித்த அன்று, மாப்பிள்ளையின் அத்தை அவளைப் பார்த்து, "பொண்ணோட பாட்டியா?" என்று கேட்டுவிட்டாள். அந்தக் கேள்வி இன்னும் தொண்டையில் நிற்கிறது.

கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள். முகமெல்லாம் கொப்புளமும் பொருக்குமாக அந்த மேடையில் நிற்பதா?

டாக்டர் வந்து களிம்பைத் துடைத்தார். அவருக்குப் பின்னால், வெந்த இறால்போல் சிவந்த முகத்துடன் ஹேராங் வாசலில் நின்றாள்.

"பயப்படாதீங்க சம்பந்தியம்மா. எறும்பு கடிக்கிற மாதிரிதான்."

"கொப்புளம் எதுவும் வந்ததில்லைன்னு போட்டிருக்கீங்க. ஆரம்பிக்கலாமா?" என்றார் டாக்டர்.

ஊசிமுனை கன்னத்தை நெருங்கியது. கும்ரே அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"டாக்டர், அந்தக் குறி தப்பு. எனக்கு வருஷாவருஷம் உதடு வெடிக்கும். காலையிலேர்ந்து குறுகுறுன்னு இருக்கு."

அவர் கருவியைக் கீழே வைத்தார். "நல்லவேளை சொன்னீங்க. இன்னிக்குத் தொடமாட்டேன். மாத்திரை தர்றேன், இப்பவே போடுங்க. கல்யாணத்துக்குள்ள உதடு ஆறிடும்."

வாசலில் ஹேராங்கின் சிரிப்பு உறைந்துபோயிருந்தது.

ஹேராங்கே காரில் கொண்டுவந்து விட்டாள். கும்ரேயின் வீடு வந்ததும் அவளும் கூடவே படியேறி வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவள் உட்காரவில்லை.

"அந்த ரூம்ல நான் பேசினது உங்களுக்குக் கேட்டுச்சா?"

கும்ரே அவள் சிவந்த முகத்தைப் பார்த்தாள். சொந்தக் கணவனிடமே முப்பது வருஷமாக மறைத்தவள் எதிரே நின்றாள்.

"மெஷின் சத்தம்தாங்க கேட்டுச்சு."

 ஹேராங் கைப்பையிலிருந்து நாள் குறித்த கிளினிக் அட்டை ஒன்றை எடுத்துக் கும்ரேயின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"கல்யாணம் முடிஞ்ச மறுமாசம் உங்களுக்கு வேற நாள் வாங்கிட்டேன். முந்தின நாளே மாத்திரையை ஆரம்பிச்சிடுங்க. நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

"கல்யாணமே முடிஞ்சப்புறம் எதுக்குங்க?"

"பேரப்புள்ள பொறந்தா முதல் பொறந்தநாள் விருந்து வைக்கணுமே. அப்பவும் நாம ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துலதான் நிக்கணும்."

ஹேராங் குனிந்து வணங்கினாள், செருப்பை மாட்டிக்கொண்டாள். கும்ரேயும் இடுப்பு வளைய வணங்கினாள். நிமிர்வதற்குள் கதவு சாத்திக்கொண்டது. மின்பூட்டு கிர்ரென்று தானாகவே பூட்டிக்கொண்டது.