காய்ச்சல் நாள், ஆட்ட நாள்

போன வாரம் கொசு மருந்து அடிக்கிறவர்கள் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். கட்டிலடி, நெல் குதிருக்குப் பின்பக்கம், சாமி படத்தின் முதுகு என்று ஒன்று விடாமல் வெள்ளையாக அடித்துவிட்டு, வாசல் நிலைக்குப் பக்கத்தில் சாக்கட்டியால் தேதி போட்டார் ஒருவர். அதன் கீழே தன் கையெழுத்தையும் போட்டுக்கொண்டார். "வீட்ல யாருக்கும் முறைக்காய்ச்சல் உண்டா பெரியவரே?" என்று கேட்டார். இல்லை என்றேன். சாக்கட்டி, தேதி, கையெழுத்து, காய்ச்சல். இந்த நாலும் ஒரே இடத்தில் கூடினால் எனக்குப் பச்சைத் துணி போர்த்திய ஒரு மேசைதான் ஞாபகத்துக்கு வரும். என்ன சம்பந்தம் என்கிறீர்களா, சொல்கிறேன்.

ராசிங்காபுரத்தில் எங்களுக்கு நிலம் இருந்தது. ஆனால் எனக்கும் மண்வெட்டிக்கும் ஒத்துவரவில்லை. கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும். அதனால் முதல் யுத்தம் முடிந்த சமயத்தில் என்னைப் போடிமெட்டுக்கு மேலே, ஏலத்தோட்டக்காரர் சங்கத்துக்கு ரைட்டராக அனுப்பினார்கள். அப்போது பஸ் ஏது? பொதிமாடும் கழுதையும் ஏறுகிற பாதைதான். மேலே போய்ச் சேர்ந்தால் எங்கும் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர்களின் வாசனை. இன்றைக்கும் பாயசத்தில் ஏலக்காய் மணந்தால் என் முதுகில் லேசாகக் குளிரும். மருமகள் நான் பாயசத்தைக் குறை சொல்வதாக நினைத்துக்கொள்கிறாள்.

அந்தக் குளிருக்குக் காரணம் காய்ச்சல். மலையில் அது இல்லாத ஆளே கிடையாது. ஒருநாள் விட்டு ஒருநாள், பகல் பதினொரு மணிக்கு வந்துவிடும். பல் கிட்டிப் போகிற மாதிரி நடுக்கம், பிறகு கொதிப்பு, பிறகு வேர்வை. மறுநாள் எழுந்து சாதாரணமாகச் சோலியைப் பார்ப்பார்கள். காய்ச்சலுக்குக் கொயினா மருந்து தின்று தின்று காது இரையும். சங்கத்தில் இருந்தவர்களிலேயே காய்ச்சல் வராத ஒரே ஆள் நான். அதை அவர்கள் கொஞ்சம் மரியாதைக் குறைவாகவே நினைத்தார்கள்.

சங்கத்துக்குத் தகரக் கூரை போட்ட ஒரு ஹால் இருந்தது. பக்கத்துத் தோட்டத்துத் துரை எல்லாவற்றையும் விற்றுவிட்டுக் கப்பல் ஏறியபோது, அவருடைய பில்லியர்டு மேசையை நம்மவர்கள் வாங்கிவிட்டார்கள். துணிக்கு அடியில் இருந்த கற்பலகைகளைத் தூக்கிவர ஒரு படையே போயிற்று. ஆளுக்கு ஒன்றாக இரண்டு வெள்ளைப் பந்து, ஒரு சிவப்புப் பந்து, மேசை ஓரங்களில் ஆறு பை. இரண்டு பேர் ஆடுவது. புள்ளி எடுக்கிறவரை ஒருவர் ஆடலாம், தவறினால் மற்றவர். தன் வெள்ளையால் அடித்துச் சிவப்பைப் பையில் தள்ளினால் மூன்று புள்ளி, தன் வெள்ளை மற்ற இரண்டையும் தொட்டால் இரண்டு. துரையிடம் பட்லராக இருந்தவர் சொல்லச் சொல்ல விதிகளை நான் தமிழில் எழுதி வைத்தேன். விதி முழுதும் தெரிந்தவன் நான்தான். பந்தைத் தட்டுகிற கோலைப் பிடிக்கத் தெரியாதவனும் நான்தான்.

மழைக்கு முன்னால் ஒரு போட்டி நடத்துங்கள் என்றார் சங்கத் தலைவர். எட்டுப் பேர் பெயர் கொடுத்தார்கள். நாள் குறித்து அட்டவணை ஒட்டினேன். முதல் ஆட்டத்துக்கு ஒருவர் வந்தார், எதிராளி கம்பளிக்குள் கிடந்தார். இரண்டாவது ஆட்டத்துக்கு இருவருமே வரவில்லை. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. எட்டுப் பேரிடமும் காய்ச்சல் நாளைக் கேட்டு, பெரிய தாளில் கட்டம் போட்டு, காய்ச்சல் வருகிற நாட்களில் பெருக்கல் குறி போட்டேன். நாலு பேருக்கு ஒற்றை நாள், நாலு பேருக்கு இரட்டை நாள். ஒற்றையை ஒற்றையோடும் இரட்டையை இரட்டையோடும் மோதவிட்டால் தீர்ந்தது. தலைவர் என் முதுகில் தட்டினார்.

அந்தத் தாளைச் சுவரில் மாட்டிய பிறகுதான் எனக்கு முதன்முதலாக ஒரு மாதிரி இருந்தது. காலையில் வருகிறவர்கள் நேராக அதன் முன்னால் போய் நின்று, அன்றைக்குத் தங்களுக்குக் குறி உண்டா என்று பார்த்துவிட்டுப் போவார்கள். எட்டுப் பேரில் ஒருவரான ஒரு கணக்கப்பிள்ளைக்கு நான் தூக்கக் கலக்கத்தில் தப்பான நாளில் குறி போட்டுவிட்டேன். அவர் வந்து பார்த்தார், "ஓகோ, இன்னைக்கா" என்று திரும்பிப் போனார். பதினொரு மணிக்கு நடுங்கினார். மறுநாள் அவருடைய சரியான நாளிலும் நடுங்கினார். "உம்ம பென்சிலக் கொஞ்சம் பாத்துப் பிடியும்" என்று பிறகு என்னிடம் சொன்னார். வேடிக்கையாகத்தான் சொன்னார், ஆனால் அதன்பின் கேட்காமல் ஒரு குறி போட எனக்குத் துணிவு வரவில்லை.

நீங்கள் புத்திசாலி, என் அட்டவணையின் ஓட்டையை இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். எனக்குக் கடைசி ஆட்டத்தன்றுதான் தெரிந்தது. ஒற்றையில் ஜெயித்த ஒருவர், இரட்டையில் ஜெயித்த ஒருவர். ஒருவர் எழுந்து நடக்கிற நாளில் மற்றவர் படுக்கையில். இவர்கள் சேர்ந்து நிற்கிற நாள் என்று ஒன்று வரவே வராது.

போதாக்குறைக்கு அந்த இருவரும் ஏற்கெனவே ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காதவர்கள். சுருளியப்பன் மூத்தவர். அவருடைய தங்கை செல்லம்மாளின் புருஷன் முத்தையா. இரண்டு தோட்டமும் ஓர் ஓடையில் ஒட்டும். ஒரு மழையில் கரை சரிந்து எல்லைக்கல் நகர்ந்தது. நீ நகர்த்தினாய், நான் நகர்த்தவில்லை என்று வளர்ந்து, நல்லது கெட்டது இரண்டுக்கும் இனி ஒட்டில்லை என்று சத்தியம் பண்ணிக்கொண்டார்கள். ஐந்து வருஷம் ஆகியிருந்தது. ஓடையைத் தாண்டுகிற பாதையில் காடு ஏறிவிட்டது. செல்லம்மாள் பிறந்த வீட்டைப் பார்க்கவில்லை. தலைவர் இதுதான் சமயம் என்று, கோப்பையெல்லாம் வேண்டாம், தோற்றவர் ஜெயித்தவர் வீட்டுக்குப் போய் ஒரு வாய் சாப்பிட வேண்டும் என்று பந்தயம் வைத்தார். தான்தான் ஜெயிப்போம் என்று இருவருக்கும் நம்பிக்கை. அதனால் ஒத்துக்கொண்டார்கள்.

ஆட்டத்தை நடத்த நான் ஒரு வழி கண்டேன். முதலில் முப்பது புள்ளி எடுப்பவருக்கு வெற்றி. இன்றைக்கு ஒருவர் வந்து, தவறுகிறவரை ஆடிவிட்டுப் போகட்டும். பந்துகள் நின்ற இடத்திலேயே நிற்கட்டும். நாளைக்கு மற்றவர் வந்து அங்கிருந்து ஆடட்டும். ஒவ்வொரு பந்தைச் சுற்றியும் சாக்கட்டியால் ஒரு வட்டம் போட்டு, நோட்டில் புள்ளி எழுதி, ஆடியவரிடம் கையெழுத்து வாங்கி, ஹாலைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வேன். காலையில் திறந்தால் மூன்று பந்தும் மூன்று வட்டத்துக்குள் அசையாமல் இருக்கும். ஜன்னல் வழியாக மஞ்சு, அதுதான் மலைப் பனிமூட்டம், உள்ளே வந்து மேசைமேல் படுத்திருக்கும். யாரோ இப்போதுதான் குனிந்து ஆடிவிட்டு நிமிர்ந்த மாதிரி தோன்றும். அந்த ஹாலில் தனியாக இருக்க எனக்குப் பிடிக்கவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, சுருளியண்ணன் ஆட்டம் தவறிக் கோலை வைக்கும்போது, ஆள் இல்லாத எதிர்ப்பக்கத்தைப் பார்த்து, "இத எடு பாப்போம் மாப்ளே" என்றார். ஐந்து வருஷத்தில் மைத்துனரிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது. மறுநாள் முத்தையா வந்தார். மேசையைச் சுற்றி ஒருமுறை நடந்தார். அதே பக்கத்தைப் பார்த்துச் சிரித்து, "எடுக்க மாட்டேனாக்கும் மச்சான்?" என்றார். நான் அவரிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. வேறு யாரும் ஹாலில் இருக்கவில்லை.

அதன்பின் அது வழக்கமாகிவிட்டது. முந்தின நாள் பேச்சுக்கு இவர் பதில் சொல்வார், இவர் கேட்டதற்கு மறுநாள் அவர் சொல்வார். எல்லைக்கல்லைப் பற்றி, மிளகுக்கொடியைப் பற்றி, செல்லம்மாளின் இடுப்பு வலியைப் பற்றிக்கூட. ஒருநாளும் பதில் பிசகியதில்லை. நான் நோட்டில் புள்ளியை மட்டும் எழுதினேன்.

ஒருநாள் செல்லம்மாளே ஹால் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. யார் ஜெயிக்கிறார்கள் என்று கேட்டாள். இழுபறிதான் என்றேன்.

"தம்பி, வெரசா யாராச்சும் ஒருத்தரத் தோத்துத் தொலையச் சொல்லுங்க. எவரு தோத்தாலும் எனக்கு அண்ணன் மொகம் தெரியுமில்ல" என்றாள்.

இதை நான் இருவரிடமும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. அப்போது சுருளியண்ணன் இருபத்தெட்டு, முத்தையா இருபத்தேழு. அன்றிலிருந்து இருவருமே புள்ளி எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். பந்தை மெல்லத் தட்டி, வேண்டுமென்றே தவறவிட்டு, அடுத்தவருக்குச் சுலபமாக வைத்துவிட்டுப் போனார்கள். ஐந்து வருஷம் நீ முதலில் வா என்று நின்றவர்களுக்கு இப்போது நான் முதலில் போகிறேன் என்று போட்டி. "தோக்குறதுக்கும் எதிராளி ஒத்துக்கணும் போல, ரைட்டரே" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார் முத்தையா. அவரைக் கடைசியாகப் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் சுருளியண்ணன் வந்தார். வெகுநேரம் குனிந்து குறிபார்த்து, சிவப்பை ஒரு பையின் வாயில், விளிம்பில் ஒட்டினாற்போல் நிறுத்தினார். எதிரே நேர்கோட்டில் முத்தையாவின் வெள்ளை. தவறவிட முடியாத இடம். குழந்தை ஊதினால் விழும். வட்டம் போடும்போது என் மூச்சு பட்டுவிடுமோ என்று பயந்தேன்.

அடுத்த நாள் முத்தையாவின் நாள். தாளில் அவர் பெயருக்கு நேராகக் குறி இல்லை. ஒன்பது மணிக்கு ஹாலைத் திறந்து வைத்தேன். பத்து ஆயிற்று, வரவில்லை. மஞ்சு அடர்ந்து எதிர்ச் சுவர்கூடத் தெரியவில்லை. மூலையில் உட்கார்ந்து சங்கத்துக் கடிதம் ஒன்றை நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது டொக்கென்று ஒரு சத்தம். பிறகு பை வலைக்குள் பந்து உருண்டு அடங்குகிற சத்தம்.

எழுந்து போய்ப் பார்த்தேன். வெள்ளை இரண்டும் வட்டத்துக்குள் இருந்தன. சிவப்பின் வட்டம் மட்டும் காலியாக இருந்தது.

ஈரக் காற்றுக்கு மரம் விரியும், மேசை அசையும், விளிம்பில் இருந்த பந்து விழும். இது எனக்கு அன்றும் தெரியும். தானாக விழுந்த பந்தை எடுத்து இருந்த இடத்திலேயே வைக்க வேண்டும் என்பது விதி. அதையும் நான்தான் எழுதினேன். ஆனால் கை பந்துக்குப் போகவில்லை, நோட்டுக்குப் போயிற்று. முத்தையா, மூன்று. மொத்தம் முப்பது. ஏன் எழுதினேன் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. ஒருவர் ஆடி முடித்துவிட்டார் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

முத்தையாவின் தோட்டத்து ஆள் ஓடிவந்தபோது மணி பன்னிரண்டு இருக்கும். காய்ச்சல் நாள் மாறி அன்று காலையிலேயே கண்டு, மூளைக்கு ஏறி, அடங்கிவிட்டார் என்றான். எத்தனை மணிக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் கணக்குப் பார்க்கத் தோன்றும். அண்ணனுக்குச் சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல் அம்மா அழுகிறார்கள் என்றான். சத்தியம் இருக்கிறதே. கோடிச்சேலை போட வேண்டிய அண்ணன் உயிரோடு இருந்தும், தாலி இழந்தவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடி வராமல் போய்விடும்.

நோட்டை எடுத்துக்கொண்டு சுருளியண்ணன் பங்களாவுக்கு ஓடினேன். அவருக்குக் காய்ச்சல் நாள். இரண்டு கம்பளிக்கு அடியில் கட்டிலோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தார்.

"ஆட்டம் முடிஞ்சிருச்சுண்ணே" என்றேன். "மாப்ள முப்பது. செகப்பப் போட்டுட்டாரு."

பல் அடித்துக்கொள்கிற நடுக்கத்திலும் அவர் சிரித்தார். "போடாம என்ன செய்வான்? அப்படில்ல வச்சிட்டு வந்தேன்" என்றார். "தோத்தாச்சு. நாளைக்குக் காய்ச்சல் இல்ல. காலையில மொத ஆளாப் போயிர்றேன். தங்கச்சிய ஒலை வைக்கச் சொல்லணும்."

"இன்னைக்கே போகணும்ணே."

கட்டில் ஆடுவது நின்றது. கம்பளியை விலக்கி என் முகத்தைப் பார்த்தார். எழுந்தார். பெட்டியைத் திறந்து அடியிலிருந்து ஒரு புதுச்சேலையை எடுத்தார். சண்டை வந்த வருஷம் தீபாவளிக்குத் தங்கைக்கு எடுத்து, கொடுக்காமல் போனது. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சுற்று வழியில் போகாமல் ஓடைப்பக்கம் இறங்கி, முள்ளும் கொடியுமாக மூடிக் கிடந்த பாதையை அரிவாளால் வெட்டிக்கொண்டே போனார். நானும் பின்னால் போனேன். அண்ணனைப் பார்த்ததும் செல்லம்மாள் போட்ட சத்தத்தை எழுத எனக்குக் கை வராது.

அன்றோடு சுருளியண்ணனுக்குக் காய்ச்சல் வரவேயில்லை. அதற்கு எனக்குக் காரணம் தெரியாது. சுவரில் இருந்த தாளை நான் கிழித்துவிட்டேன்.

பல வருஷம் கழித்து ஒரே ஒருமுறை, போடிச் சந்தையில் வைத்து அவர் கேட்டார். "தம்பி, அந்தச் செகப்பு... அவந்தான் போட்டானா?" ஆமாம் என்றேன். தலையை ஆட்டிவிட்டு வெங்காயம் விலை கேட்கப் போய்விட்டார்.

இப்போது அவரும் இல்லை, செல்லம்மாளும் இல்லை. ஹாலின் கூரை ஒரு காற்றில் போயிற்று. மேசையின் கற்பலகைகளை ஓடையில் போட்டு, தோட்டத்துப் பெண்கள் துணி துவைக்கிறார்கள் என்று மேலே போய்வந்த ஒருவர் சொன்னார். காய்ச்சலும் போய்விட்டது. போகட்டும், அதற்காக யார் அழுவார்கள்? ஆட்ட நோட்டு என்னிடம்தான் இருந்தது. வரிக்கு வரி கையெழுத்து. கடைசி வரியில் மட்டும் புள்ளி மூன்று, கையெழுத்துக் கட்டம் காலி. நான்கு வருஷத்துக்கு முன் கரையான் அதையும் தின்றுவிட்டது.

போன வாரம் மருந்து அடித்தவர் கிளம்பும்போது தன் நோட்டை நீட்டி, வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். பக்கம் முழுக்கத் தெருக்காரர்களின் கையெழுத்து, கடைசியில் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே நின்றேன். "ஒங்க பேருதான் பெரியவரே, போடுங்க" என்றார் அவர்.