பயப்படுகிற ஆள் ஒருவர் தேவை

ரோஸ்விதா பாவ்லிக்கின் நாயை வீட்டை விட்டு அனுப்பச் சொல்லிக் கடிதம் எழுதியவன் நான். அவரைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுத உட்கார்ந்திருப்பவனும் நானே. இரண்டுக்கும் நடுவில் நடந்ததைச் சொல்லிவிட்டால் மற்றது உங்களுக்கே விளங்கிவிடும்.

ஜெர்மனியின் ஹெர்னே நகரில் எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில்தான் ரோஸ்விதாவின் பெட்டிக்கடை. காலை ஐந்தரைக்குத் திறந்துவிடுவார். காப்பி, ரொட்டி, செய்தித்தாள், பீர், கண்ணாடி ஜாடிகளில் பிள்ளைகளுக்கு மிட்டாய். மிட்டாயை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துக் காகிதப் பையில் போடுவார். பச்சைத் தவளையா சிவப்புத் தவளையா என்று ஒரு வாண்டு கால்மணி நேரம் யோசித்தாலும், பின்னால் நிற்கும் பெரியவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால், "உனக்கு என்னடா அவசரம், வேலைக்குப் போறியா என்ன?" என்று கேட்டு மானத்தை வாங்கிவிடுவார். எல்லாரையும் வாடா போடா என்றுதான் கூப்பிடுவார். என்னை மட்டும் சார் என்பார். அதற்கு மரியாதை காரணம் என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தவர். ரோஸ்விதா பதினாறு வயதில் தொலைக்காட்சிப் பெட்டி செய்யும் ஆலையில் சேர்ந்து, இருபத்திரண்டு வருடம் கம்பிக்கு ஈயம் வைத்தார். ஆலையை மூடியபோது கூட வேலை பார்த்தவர்கள் கூடிக்கூடி அழுதுகொண்டிருக்க, இவர் பூட்டிக் கிடந்த இந்தக் கடையின் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். கணவர் டெட்லெஃப் வேறொருத்தியோடு வடகடல் பக்கம் போய்விட்டார். அதைப் பற்றிக் கேட்டால், "கடல் காத்து அவனுக்கு நல்லது. அவன் அங்க இருக்கிறது எனக்கு நல்லது" என்பார். அவ்வளவுதான் அவர் சொல்லி நான் கேட்டது.

நான் எக்கார்ட் லூட்கே. முப்பத்தொரு வருடம் ட்ராமில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன். நான் ஏறினால் வண்டியில் பாதிப் பேர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அது எனக்குப் பழகிப்போயிருந்தது, கொஞ்சம் பிடித்தும் இருந்தது என்பதை மறைப்பானேன்? கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிறேன். ரோஸ்விதா முதல் மாடி. எங்களுக்குப் பொதுவாக இருந்தது மாடிப்படி ஒன்றுதான்.

ஆறு வருடத்துக்கு முன்பு அவர் பழைய கம்பளிகளைக் கொடுக்க நாய்க் காப்பகத்துக்குப் போனார். அங்கே கடைசிக் கூண்டில் நாலு வருடமாக ஒரு நாய் கிடந்தது. ஸ்டாஃபோர்ட்ஷயர் இனம். சாம்பல் நிறம், பீர்ப் பீப்பாய் மாதிரி நெஞ்சு, என் இரண்டு கையாலும் அணைக்க முடியாத தலை. எங்கள் மாநிலத்தில் அந்த இனம் ஆபத்தான நாய்களின் பட்டியலில் இருக்கிறது. நினைத்தவர்கள் வளர்த்துவிட முடியாது. ரோஸ்விதா போலீஸில் நன்னடத்தைச் சான்று வாங்கினார், நாய் வளர்ப்புப் பரீட்சை எழுதினார், காப்பீடு எடுத்தார். ஏழு மாதம் கழித்து, கடிக்காமலிருக்க வாயில் வாய்க்கூடை மாட்டி அதை வீட்டுக்குக் கூட்டி வந்தார். பழைய முதலாளி வைத்த பெயர் கில்லர். இவர் ஏகோன் என்று மாற்றினார். அது எங்கள் பக்கத்தில் ஓய்வு பெற்ற மாமாக்களுக்கு இருக்கும் பெயர்.

இனி என் கதை. ஆறு வயதில் என் அத்தை வீட்டு நாய் என் கன்னத்தைக் கிழித்தது. குட்டைக்கால் டாஷ்ஹண்ட், ஒரு கையில் தூக்கிவிடலாம். அது எந்தப் பட்டியலிலும் இல்லை. ஒன்பது தையல் போட்டார்கள், தழும்பு இன்னும் இருக்கிறது. அன்றிலிருந்து அறுபது வருடமாக எதிரில் நாய் வந்தால் தெருவைக் கடந்து அடுத்த பக்கம் போய்விடுவேன். "பாத்தீங்களா, கடிச்சது குட்டி நாய்தானே, இனத்துல என்ன இருக்கு?" என்று சிலர் கேட்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும். குட்டி நாய் கடித்ததால்தான் தழும்போடு போயிற்று. ஏகோன் அளவு நாய் கடித்திருந்தால் இதை எழுத ஆள் இருந்திருக்காது.

அந்த நாய் என் மாடிப்படியில் ஏறி இறங்கியது. ஒரு நாள் திருப்பத்தில் இரண்டடி தூரத்தில் பார்த்துவிட்டேன். வாய்க்கூடை இருந்தது, இருந்தும் திரும்பி ஓடி வீட்டைப் பூட்டிக்கொண்டேன். அன்று மாலையே குடியிருப்புச் சங்கத்துக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன், என் பெயரை வெளியிட வேண்டாம் என்ற குறிப்போடு. பதில் ரோஸ்விதாவுக்குப் போனது. மூன்று மாதத்துக்குள் நாய் அரசு கால்நடை மருத்துவரின் குணத்தேர்வில் தேற வேண்டும், இல்லையென்றால் வீட்டில் இருக்கக் கூடாது. இருக்கக் கூடாது என்றால் மறுபடி அந்தக் கடைசிக் கூண்டு. பத்து வயதை நெருங்கும் பட்டியல் நாயை வேறு யார் எடுப்பார்கள்?

குணத்தேர்வில் என்ன நடக்கும் என்று கடைக்கு வரும் யாரோ கேட்டறிந்து வந்தார்கள். நாய்க்கு முன்னால் ஒருவர் படாரென்று குடையை விரிப்பார். ஒருவர் ஓடுவார். ஒருவர் குடிகாரன் மாதிரி தள்ளாடி வருவார். தகர மூடி விழும். நாய் சீறக் கூடாது, பாயக் கூடாது. இதைக் கேட்டதும் தெருவே களத்தில் இறங்கியது. தினமும் மத்தியானம் பின்முற்றத்தில் ஒத்திகை. குடிகாரன் வேடத்துக்கு யூப் வந்தான், பழைய கிரேன் ஓட்டுநர். அவனுக்கு நடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. எல்லாரும் எல்லாக் குடைகளையும் விரித்தார்கள். நாய் சும்மா இருந்தால் பரிசாக ஒரு துண்டு சாசேஜ். நான் மேலே திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பலன் என்ன? ஏகோன் மூன்று கிலோ ஏறினான். அதோடு, குடை என்றால் சாசேஜ் என்று அவன் மண்டையில் பதிந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை மழை. கடைக்கு வந்த ஓர் ஆசிரியை குடையை விரித்தார். அவ்வளவுதான், நாய் ரோஸ்விதாவைத் தரையில் இழுத்துக்கொண்டு அந்த அம்மாவின் மேல் பாய்ந்து இரண்டு முன்னங்காலையும் அவர் மேலங்கியில் வைத்தது. ஆசையோடுதான் பாய்ந்தது. வாய்க்கூடையும் இருந்தது. ஆனால் முப்பது கிலோ நாய் மேலே விழுந்தால் அது ஆசையா ஆத்திரமா என்று யார் பார்ப்பார்கள்? அந்த அம்மா போட்ட அலறல் மூன்றாம் மாடி வரை கேட்டது. தேர்வுக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருந்தது.

மறுநாள் என் கதவைத் தட்டினார் ரோஸ்விதா. முழங்கையில் கட்டு. நான் கதவுச் சங்கிலியை எடுக்காமல் திறந்தேன்.

"சார், உங்களுக்கு ஏகோனைப் பாத்தா பயம்தானே?"

"பயமெல்லாம் இல்ல. புடிக்காது."

"நான் மட்டும்தான் நிக்கிறேன், சங்கிலி போட்டுட்டுப் பேசுறீங்க."

நான் சங்கிலியின் மேல் கையை வைத்தேன், எடுக்கவில்லை.

"எங்க ஆளுங்க எல்லாம் செல்லம் குடுத்தே அவனைக் கெடுத்துட்டாங்க சார். அவனைப் புடிக்காத ஆளு ஒருத்தர் வேணும். சாசேஜ் தரமாட்டாரு, தட்டிக் குடுக்கமாட்டாரு, பாத்தா நடுங்கணும். தெரு பூரா யோசிச்சுப் பாத்துட்டேன். உங்கள விட்டா ஆளில்ல."

என் ஓய்வு விழாவில்கூட யாரும் என்னை இப்படி வேண்டும் என்று கேட்டதில்லை. ரோஸ்விதாவின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தேன். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அந்த லெட்டர் எழுதினது நான்தான்."

"தெரியும். கமா, அரைப்புள்ளி எல்லாம் எடம் பாத்து வெச்சு எழுத இந்த வீட்டுல வேற யாரு இருக்கா?"

"கோவம் இல்லியா?"

"மூணு நாள் இருந்துச்சு. உங்களுக்குக் காலாவதியான ரொட்டியாக் குடுத்தேன், கவனிக்கல நீங்க." சிரித்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "நீங்க எழுதினதுல தப்பில்ல சார். அவன் தாடையில மாட்டினா கை கையா திரும்பாது. பட்டியல் போட்டவன் ஒண்ணும் கிறுக்கன் இல்ல. கண்டவன் கையில குடுக்கற நாயே இல்ல இது. மிட்டாய் வாங்க வர்ற பிள்ளைங்ககிட்ட ஒரு நிமிஷம்கூட அவனைத் தனியா விட்டதில்ல, விடவும் மாட்டேன். என் கையில இருக்கலாமா கூடாதா, அதுதான் கேள்வி. அதைக் கண்டுபிடிக்கத்தான் உங்களைக் கூப்பிடுறேன்."

நான் சங்கிலியை எடுத்தேன். இரக்கப்பட்டு இறங்கிப் போனேன் என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் பொய். அந்த நாய் ஆபத்து என்று நிரூபித்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன்.

முதல் நாள் முற்றத்தின் அந்தக் கோடியில் அவன், இந்தக் கோடியில் நான். அவன் உடம்பு விறைத்தது. டிக்கெட் இல்லாத ஆள் என்னைப் பார்க்கும் அதே பார்வை. என் முட்டி தடதடவென்று ஆடியது. யூப் ஓரமாக நின்று, "ஏ எக்கார்ட்டு, ட்ராம்ல எங்களை எப்படி நடுங்க வெச்ச, இப்ப அனுபவி!" என்று கத்தினான். ரோஸ்விதா அவனை ஒரு முறை முறைத்தார், வாயை மூடிக்கொண்டான். நான் சாசேஜ் எதுவும் இல்லாமல் வெறும் குடையை விரித்தேன். நாய் எழுந்தது, காத்திருந்தது, ஒன்றும் வராததால் உட்கார்ந்தது. தினமும் இதே வேலை. தினமும் ஓரடி நெருக்கமாக.

பத்தாவது நாளோ என்னவோ, பின்வாங்கும்போது தண்ணீர் வாளி தடுக்கி மல்லாந்து விழுந்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். கன்னத் தழும்பு வலித்தது, சத்தியமாக வலித்தது. ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தால், மூன்றடி தூரத்தில் ஏகோன் தரையோடு தரையாகப் படுத்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தான். நான் உன்னைப் பார்க்கவே இல்லை, நீ எழுந்துகொள் என்று சொல்வது போல இருந்தது. அதன் பிறகு நான் நடுங்கும்போதெல்லாம் அப்படியே செய்தான். யாரும் சொல்லித் தரவில்லை.

தேர்வு நாள் அக்டோபரில், தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் ஒரு மைதானம். ரோஸ்விதா கூந்தலை வாரி, கல்யாணத்துக்குப் போவது போல் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், ஆனால் ஒரு பொத்தானைத் தவறான துளையில் மாட்டியிருந்தார். மருத்துவர் ஹோல்ட்காம்ப் அம்மையார் சிரிக்காத மனிதர். "வாய்க்கூடையை எடுங்க," என்றார். வேலிக்கு வெளியே நின்ற நான் இரண்டடி பின்னால் போனேன். வாய்க்கூடை இல்லாமல் நான் அவனை அதுவரை பார்த்ததில்லை.

ஓடுபவர் போனார். தகர மூடி விழுந்தது. குடை விரிந்தது. ஏகோனின் காது நிமிர்ந்தது, முன்னங்கால் ஒன்று எழுந்தது. ரோஸ்விதாவின் தோள் விறைத்தது. பிறகு அவன் திரும்பி வேலிப் பக்கம் என்னைப் பார்த்தான், ஒன்றும் கிடைக்காது என்று புரிந்துகொண்டு உட்கார்ந்தான். பிறகு குடிகாரனாக நடிக்க மருத்துவரின் உதவியாளர் வந்தார், ஐம்பது வயது, கனத்த உடம்பு. ஈரப் புல்லில் உண்மையாகவே வழுக்கினார். விழுந்த வேகத்தில் அவர் கை ஏகோனின் கழுத்தில் பட்டது. அவர் முகம் வெளிறியது. ஏகோன் மெல்லப் படுத்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

மருத்துவர் பேனாவைத் தாழ்த்தினார். "இதை யார் பழக்கினது?"

"பழக்கலீங்க டாக்டர்," என்றார் ரோஸ்விதா. "எங்க மூணாம் மாடியில ஒருத்தர் இருக்கார். அவருக்குப் பயம். அதனால இவன் அப்படிப் பண்ணுவான்."

தேறிவிட்டான். சான்றிதழைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினார்கள். யூப் அன்று எனக்கு பீர் வாங்கித் தந்தான். முப்பத்தொரு வருடத்தில் யாரும் எனக்கு பீர் வாங்கித் தந்ததில்லை. நானும் அதை யாரிடமும் சொல்லாமல் குடித்தேன்.

இனிமேல் வெளியே வாய்க்கூடை வேண்டாம், சட்டமே அனுமதித்துவிட்டது. தெருவில் ஏகோன் வெறும் வாயோடு நடந்தான். ஆனால் மாடிப்படியில் நான் சந்திக்கும்போதெல்லாம் அவன் வாயில் வாய்க்கூடை இருந்தது. எனக்குப் புரிய ஒரு வருடம் பிடித்தது. மேலே என் கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் ரோஸ்விதா நின்று, பையிலிருந்து அதை எடுத்து அவனுக்கு மாட்டிவிடுவார். நான் கீழே போனதும் கழற்றிவிடுவார். கையில் ரொட்டிக் கூடை இருந்தாலும், கடை திறக்க நேரமாகிவிட்டாலும். ஒரு நாள்கூட இதைப் பற்றி என்னிடம் சொன்னதில்லை. என் பயத்தைக் கேலி செய்யாமல், குணப்படுத்தப் பார்க்காமல், அதற்கும் ஒரு மரியாதை கொடுத்த மனிதர் என் வாழ்க்கையில் இவர் ஒருவர்தான். நன்றி என்ற சொல்லை நான் அதிகம் பயன்படுத்தியவன் இல்லை. ரோஸ்விதா, நன்றி.

போன பிப்ரவரியில் ஒரு காலை. இறங்கிக்கொண்டிருந்தேன். கீழே வாய்க்கூடையின் கொக்கிச் சத்தம் கேட்டது. திருப்பத்துக்கு வந்தபோது அவர் குனிந்து வாரை இறுக்கிக்கொண்டிருந்தார். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்லப் படியில் உட்கார்ந்தேன்.

"அதைக் கழட்டிடுங்க."

நிமிர்ந்து பார்த்தார். "நெசமாவா சார்? கால் ஆடுதே."

"ஆடட்டும். அவன்தான் எப்பவோ டிக்கெட்டைக் காட்டிட்டானே. எத்தனை தடவை கேக்கறது?"

அவர் கழற்றினார். ஏகோன் என் முட்டி நடுங்குவதைப் பார்த்தான். உடனே வழக்கம் போல் படியில் படுத்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"இந்தப் பக்கம் பாருடா," என்றேன்.