லேத்தில் தொங்கிய வளையல்

கணபதி வட்டாரத்தில் திருமலைசாமியின் பட்டறை ஷட்டர் எப்போதும் பாதிதான் ஏறியிருக்கும். கேட்டால் தூசி, வெயில் என்று ஏதாவது சாக்கு வரும். உண்மை என்னவென்றால், உள்ளே இரும்பு கடையும் லேத்து ஓட்டியது அவருடைய மனைவி ரங்கநாயகி. பின்கட்டில் ரசம் தாளித்தது திருமலைசாமி.

தொண்ணூற்று ஒன்றில் சாணைச் சக்கரத்திலிருந்து பொறி தெறித்து அவர் பார்வை மங்கிவிட்டது. சமைக்க அந்தக் கண் போதும், மைக்ரோமீட்டர் கோட்டைப் படிக்கப் போதாது. பொம்பளை லேத்து ஓட்டினாலும் ஊர் சிரிக்கும், ஆம்பளை கரண்டி பிடித்தாலும் சிரிக்கும். சிரிக்க ஊருக்குக் காரணமா வேண்டும்? அதனால் அவர் சொல்லச் சொல்ல இவள் பழகிக்கொண்டாள். வேலை இவளுடையது, பெயர் அவருடையது. யாராவது வந்தால் இவள் பின்கட்டுக்கு ஓடிவிடுவாள். மூன்று வருஷம் அப்படியே ஓடியது.

அன்றைக்குப் பம்ப் கம்பெனி ஃபோர்மேன் தம்பிதுரை, கடைய வேண்டிய பம்ப் ஷாஃப்டுகளோடு சொல்லாமல் வந்து நின்றார். பட்டறைக்கு இருந்தது அந்த ஒரு கம்பெனி வேலைதான். ஓடிய அவசரத்தில் ரங்கநாயகி ஒன்றை மறந்துவிட்டாள். வேலைக்கு முன்னால் கழற்றிய கண்ணாடி வளையல்கள் லேத்தின் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தன.

"ஏனுங்க, இது ஆரு வளையல்?"

"ஊட்டுக்காரியோடதுங்க. கூட்டிப் பெருக்க வந்தப்போ கழட்டி வெச்சுப்போட்டாளுங்க," என்றார் திருமலைசாமி.

பின்கட்டில் நின்றவள் காதில் அது விழுந்தது. மூன்று வருஷம் கடைந்தவள் கூட்டிப் பெருக்கவா வந்தாள்? விறுவிறுவென்று வெளியே வந்தாள்.

"கூட்டறதுக்கு எவளாவது வளையல் கழட்டுவாளாங்க? லேத்து நாந்தானுங்க ஓட்டறேன்."

தம்பிதுரை அவளுடைய வெறும் மணிக்கட்டைப் பார்த்தார். "புருசன் இருக்கறப்போ இப்படி நிக்கறது நல்லாவா இருக்குது அம்மணி?"

"வளையலோட கை வெச்சா கையே இருக்காதுங்க. கொண்டு வந்த ஷாஃப்டைக் குடுங்க."

சேலைக்கு மேல் புருஷனின் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, ஃபோர்மேன் கண் முன்னாலேயே கடைந்து கொடுத்தாள். தம்பிதுரை தன் மைக்ரோமீட்டரில் இரண்டு தரம் அளந்தார். துளி பிசகவில்லை.

"வேலை சுத்தமுங்க," என்று தணிந்து சொன்னார். "ஆனா கம்பெனியில திருமலைசாமின்னே சொல்லிக்கறேன். இது வெளிய தெரிய வேண்டாம்."

ரங்கநாயகி ஷாஃப்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "எம்பேரச் சொல்ல வாய் கூசுச்சுன்னா, வேற பட்டறை பாத்துக்கோங்க."

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. இந்த வேலையும் போனால் அடுப்பு எரியாது. புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அடுப்படிக்குப் போயிருந்த திருமலைசாமி கையில் ரசக் கரண்டியோடு வந்து ஷட்டரைக் கடகடவென்று முழுக்க ஏற்றினார். எதிர் டீக்கடையில் நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள்.

"நாயகி, சோத்தை நான் பாத்துக்கறேன். நீ அடுத்த ஷாஃப்டை மாட்டு!" என்றார், தெருக்கோடிவரை கேட்க.

ஷாஃப்ட் இல்லாமல் கம்பெனியில் வேலை நின்றுகிடந்தது. தம்பிதுரை, வேலை செய்தவர் பெயர் எழுதும் சலானை எடுத்து, பேனா மூடியைக் கழற்றினார்.

"இனிஷியல் என்னங்க, அம்மணி?"