தங்கச்சி கையில் போட்ட ஊசி

ஆஸ்பத்திரித் துணி எப்படி நாறும் என்று யாராவது கேட்டால் நான் பதில் சொல்வதில்லை. வந்து ஒரு மூட்டையை அவிழ்த்துப் பார் என்பேன். ரத்தம், சீழ், வாந்தி, மலம் எல்லாம் ஒரே விரிப்பில் இருக்கும். கூடவே கடித்துப் போட்ட ரொட்டி, ஒரு தடவை யாருடையதோ பல் செட். மாடியில் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு சுத்தத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் கீழே சலவைக்கூடத்தில் இருக்கிற எங்களுக்கு அனுப்பிவைக்கிற லட்சணம் இது. சீ, என்ன ஜென்மங்களோ!

இந்த மூட்டைகளைத் தரம் பிரிக்கிற மேஜையில் எனக்கு எதிரே நிற்பவள்தான் புலி. சூப்பர்வைசர் ஒருநாள் அவளிடம் குரலை உயர்த்தப் போக, அவள் திருப்பிக் கொடுத்ததில் மனுஷன் ஒரு வாரம் எங்கள் பக்கம் தலைகாட்டவில்லை. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பட்டம். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு இரண்டு பெண்களை ஒற்றை ஆளாகப் படிக்க வைக்கிறாள். அவள் தங்கையும் இங்கேதான், இஸ்திரிப் பிரிவில். அக்கா கிழித்த கோட்டைத் தாண்டாதவள்.

அப்பேர்ப்பட்ட புலிக்கு ஊசி போட்டுக்கொள்வதென்றால் மட்டும் ஆகவே ஆகாது. வலிக்காக இல்லை, அருவருப்பு. ஊசி எது எதற்குள்ளே போய்விட்டு வருகிறது என்று தினம் பார்க்கிறேனே, அதை என் உடம்பில் ஏற்றிக்கொள்வேனா என்பாள். ஒவ்வொருவருக்கும் புது ஊசிதான் என்று நாங்கள் தொண்டை வற்றக் கத்தியும் காதில் ஏறவில்லை.

பி வகை மஞ்சள்காமாலைக்குத் தடுப்பூசி போடுகிறோம் என்று ஒரு நர்ஸ் எங்களிடம் வந்தாள். நல்ல பெண், புரியும்படி சொன்னாள். நம் ரத்தத்தில் கணக்கில்லாத காவல் செல்கள் இருக்கின்றனவாம். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு அடையாளம்தான் தெரியும். ஊசியில் இருப்பது கிருமி அல்ல, அதன் மேல்தோலில் ஒரு துணுக்கு. அந்தத் துணுக்கோடு பொருந்துகிற செல் மட்டும் விழித்துக்கொண்டு பெருகும், கிருமியை மடக்கிப் பிடிக்கிற எதிர்ப்பொருளைச் செய்யும். சண்டை முடிந்ததும் பெரும்பாலானவை செத்துப்போகும், சில மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்த ஞாபகம் ஊன்றத்தான் மூன்று தடவை. ஊசியே போடாத உடம்புக்குள் கிருமி புகுந்தால், பொருந்துகிற செல்லைத் தேடிப் பெருக்குவதற்குள் வாரக்கணக்கில் ஆகிவிடும், அதற்குள் அது கல்லீரலில் குடித்தனம் நடத்தத் தொடங்கிவிடும்.

புலியும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். கேட்டுவிட்டு என்ன செய்தாள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. தங்கச்சி காலையில் தன் பிரிவோடு நின்று தன் ஊசியைப் போட்டுக்கொண்டாள். மத்தியானம் அக்காவின் பேட்ஜை மாட்டிக்கொண்டு எங்கள் வரிசையில் வந்து இன்னொரு கையையும் நீட்டியிருக்கிறாள். மூன்று தடவையும் இதே கூத்து. தொப்பியும் மாஸ்க்கும் போட்ட துணிக்காரி முகத்தை யார் பார்க்கிறார்கள்?

ஒருநாள் தலையணை உறைக்குள் கிடந்த தடித்த ஊசியொன்று கையுறையைத் துளைத்துப் புலியின் கட்டைவிரலில் இறங்கியது. ரத்தம் குபுக்கென்று வந்தது. மூட்டை வந்தது கல்லீரல் நோயாளிகள் வார்டிலிருந்து. சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு அவள் நர்ஸிடம் ஓடினாள். மூன்று ஊசியும் முடிந்ததாகப் பதிவாகியிருக்கிறது, எதற்கும் எதிர்ப்பொருள் எவ்வளவு இருக்கிறதென்று பார்த்துவிடலாம், சாப்பிட்டுவிட்டு வந்து ரத்தம் கொடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

மத்தியானம் நடைபாதையில் தங்கச்சியைப் பார்த்தேன். முழங்கை மடிப்பில் பஞ்சு, நெஞ்சில் அக்காவின் பேட்ஜ். பிடித்து உலுக்கினேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஒரு மணி நேரத்தில் மேலேயிருந்து சேதியும் வந்துவிட்டது. எதிர்ப்புச் சக்தி ஏராளம், மருந்து எதுவும் வேண்டாம், போய் வேலையைப் பாருங்கள் என்று.

எனக்கு வந்த ஆத்திரத்தில் வாய் கசந்தது. மலத்தைத் தொட்ட கையைக் கழுவிவிடலாம், இந்த அசட்டுத்தனத்தை எதைப் போட்டுக் கழுவுவது? புலியை மெஷினுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன்.

"உன் தங்கச்சி உடம்புக்கு அந்தக் கிருமியை நல்லாத் தெரியும். உன் உடம்பு அதைப் பார்த்ததே இல்லடி. குத்தினது உன் கையில."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "சொன்னா ரெண்டு பேருக்கும் வேலை போயிடும்."

"வேலை போனா வேற வேலை. கல்லீரல் போனா?"

அவள் கட்டைவிரலைப் பார்த்தாள். பிறகு தங்கச்சியைக் கையோடு அழைத்துக்கொண்டு மாடி ஏறினாள். நானும் கூடப் போனேன். நர்ஸுக்கு முன்னால் இரண்டு பேரும் தொப்பியையும் மாஸ்க்கையும் கழற்றினார்கள். அந்தப் பெண் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் புலியின் ரத்தத்தை எடுத்தாள். சோதித்துப் பார்த்ததில் எதிர்ப்பொருள் துளிகூட இல்லை.

டாக்டர் வந்து காட்டுக் கத்தல் கத்தினார். கத்தி முடித்துவிட்டு இரண்டு ஊசி எழுதினார். ஒன்று, வேறு யாருடைய ரத்தத்திலோ உருவான எதிர்ப்பொருள். உடனே காவலுக்கு நிற்கும், சில மாதத்தில் கரைந்துவிடும், உடம்புக்கு எதையும் சொல்லித் தராது. மற்றது தடுப்பூசி. அதுதான் வாத்தியார், ஆனால் மெதுவாகத்தான் பாடம் நடத்தும். அடுத்தவர் ரத்தம் என்று கேட்டதுமே புலிக்குக் குமட்டியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு இரண்டையும் போட்டுக்கொண்டாள், எழுந்து போய்த் தொட்டியில் வாந்தி எடுத்தாள். மூன்று தடவையும் ஆளைப் பார்க்காமலே ஊசிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர் சூப்பர்வைசர் என்பதால், வேலை பற்றிய பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அதன்பிறகு மாதக்கணக்கில் அவள் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. காலையில் எழுந்ததும் கண்ணாடியில் கண் மஞ்சளாகியிருக்கிறதா என்று பார்ப்பாள். பெண்களைக் கட்டிக்கொள்ளக்கூடப் பயந்தாள், கட்டிக்கொண்டால் ஒட்டாது என்று நர்ஸ் எத்தனையோ தடவை சொல்லியும். மீதி ஊசிகளுக்கு மட்டும் தானே போய் நின்றாள். கடைசிப் பரிசோதனையில் கிருமி இல்லை, அவள் உடம்பே செய்த எதிர்ப்பொருள் வேண்டிய மட்டும் இருக்கிறது என்று வந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

அதே வாரம், அதே வார்டு மூட்டையில், துண்டுக்குள் இன்னொரு ஊசி. நுனியில் ரத்தம் காய்ந்திருந்தது. புலி இடுக்கியால் அதை எடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டு மேலே போனாள், நான் பின்னாலேயே போனேன். வார்டு அறையில் டாக்டர்களும் நர்ஸுகளும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கோப்பைகளுக்கு நடுவே கிண்ணத்தை வைத்தாள்.

"மூணு ஊசியில என் உடம்பு கத்துக்கிச்சு. நீங்க எப்போ கத்துக்கப் போறீங்க?"

கீழே இன்னும் பிரிக்காத மூட்டைகள் கிடந்தன, நாங்கள் இறங்கி வந்துவிட்டோம்.